பாட்டியின் வடைக்கு என்ன விலை?
சிறார் உணவு நூல்களில் நிலமும் உழைப்பும்

தமிழ்ப் பிள்ளைகள் முதன்முதலில் கேட்கும் கதைகளில் ஒன்று தெருவோர வியாபாரத்தில் தொடங்குகிறது. பாட்டி வடை சுடுகிறாள். காக்கா ஒன்று வந்து ஒரு வடையைக் கவ்விக்கொண்டு பறக்கிறது. அந்த நொடியிலேயே கதையும் பாட்டியை விட்டுவிட்டு மரத்துக்குப் போய்விடுகிறது. உளுந்தை என்ன விலைக்கு வாங்கினாள், எண்ணெய்க்குக் கடன் சொன்னாளா, அன்றைய நட்டத்தை எப்படிச் சரிக்கட்டினாள் என்று எந்தக் கதைசொல்லியும் சொன்னதில்லை. ஈசாப்பின் பெயரில் வழங்கும் பழைய வடிவங்களில் காகத்தின் வாயில் இருப்பது இறைச்சித் துண்டு அல்லது பாலாடைக்கட்டி. அதைச் செய்தவர் என்று அங்கே யாருமில்லை. தமிழ்க் கதை மட்டும் செய்தவளைக் கொண்டுவந்து அடுப்பு முன்னால் உட்காரவைக்கிறது. உட்காரவைத்த கையோடு மறந்தும்விடுகிறது.

இந்த மறதி பழங்கதைக்கு மட்டும் உரியதா? வீட்டுத்தோட்டம் போடுவது, பருவத்துக்கேற்ற காயைத் தின்பது, பக்கத்துச் சந்தையில் வாங்குவது, காய்கறிக் கழிவை எருவாக்குவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் படநூல்கள் இன்று தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. அமெரிக்காவில் 2009இல் தொடங்கப்பட்ட 'ரீடர்ஸ் டு ஈட்டர்ஸ்' பதிப்பகம் பிள்ளைகளின் உணவறிவையே தன் நோக்கமாக அறிவித்துக்கொண்டது. சென்னையில் தாரா, தூலிகா, பெங்களூரில் பிரதம் புக்ஸ் ஆகியவற்றின் பட்டியல்களிலும் செடி, விதை, சந்தை, சமையல் பற்றிய நூல்கள் உண்டு. உணவு எங்கிருந்து வருகிறது என்று சொல்லப் புறப்படும் இந்த நூல்கள், அது யாருடைய நிலத்தில், யாருடைய கையால், என்ன விலைக்கு வருகிறது என்பதையும் சொல்கின்றனவா? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

1. ஆய்வாளர்கள் பார்த்த இடங்கள்

சிறார் நூலும் உணவும் சேரும் இடத்தை இதுவரை மூன்று தரப்பினர் ஆராய்ந்திருக்கிறார்கள்.

முதல் தரப்பு உளவியலாளர்கள். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் கார்மெல் ஹூஸ்டன்-பிரைஸும் அவருடைய குழுவினரும் ஒரு நேரடிக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: படத்தில் பார்த்த காயைப் பிள்ளை தின்னத் துணியுமா? 2014இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு வயதையொட்டிய குழந்தைகளுக்குப் பெற்றோர் ஒரு காயைப் பற்றிய படநூலை இரண்டு வாரம் தினமும் காட்டினார்கள். பிறகு தட்டில் வைத்தபோது, அந்தக் காயைப் பார்க்கவும் சுவைக்கவும் குழந்தைகள் கூடுதலாக முன்வந்தார்கள். அதுவரை பழக்கமில்லாத காய்களில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. கீரையைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளையோடு போராடும் பெற்றோருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் இந்த ஆய்வுமுறையில் நூல் என்ன கதை சொல்கிறது என்பதற்கு வேலையே இல்லை. காயின் படம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் போதும்.

இரண்டாம் தரப்பு இலக்கியத் திறனாய்வாளர்கள். கரோலின் டேனியல் 2006இல் எழுதிய நூல், சிறார் கதைகளில் யார் யாரைத் தின்கிறார்கள் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு, பசியும் பெருந்தீனியும் எப்படி அதிகாரத்தின் மொழியாகின்றன என்று காட்டியது. காரா கீலிங், ஸ்காட் பொலார்ட் இருவரும் தொகுத்த கட்டுரை நூல் 2009இல் வந்தது. இத்துறை தனக்கென ஒரு களத்தைப் பெற்றது இந்த நூல்களால்தான். என்றாலும் இவர்களுடைய பார்வை பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில் நிற்கிறது. மேசைக்கு வருமுன் நடந்ததற்குக் குறைவாகவே இடம் கிடைக்கிறது.

மூன்றாம் தரப்பு சூழல் கல்வியாளர்கள். அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் 1996இல் முன்வைத்த வாதம் இன்றுவரை செல்வாக்கோடு இருக்கிறது: காடழிவையும் அமில மழையையும் சொல்லிச் சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது, முதலில் மண்ணோடும் மரத்தோடும் ஒட்டுதல் வரட்டும். நியாயமான வாதம். ஆனால் அது பரவியபோது, வெயில் எப்போதும் இளஞ்சூடாகவே இருக்கும், புழு எப்போதும் சிரித்தபடியே இருக்கும் தோட்டங்கள் படநூல்களில் பெருகின. உழைப்பு என்பது பேரழிவு அல்லவே. ஒரு கத்திரிக்காய் தட்டுக்கு வர எத்தனை பேர் குனிந்து நிமிர்ந்தார்கள் என்று சொல்வதால் எந்தப் பிள்ளையும் பயந்து தூக்கம் கெடப்போவதில்லை. சோபெல் கேட்டது மென்மையை. பதிப்புலகம் அதை மௌனமாகப் புரிந்துகொண்டது.

2. வேலியும் விதையும்

ஆங்கிலச் சிறார் நூல்களில் மிகப் புகழ்பெற்ற காய்கறித் தோட்டம் பிள்ளைகளை வரவேற்கும் தோட்டமல்ல. பியாட்ரிக்ஸ் பாட்டர் 1893இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் பிறந்து, 1902இல் வார்ன் நிறுவனத்தின் வழியே நூலான பீட்டர் முயலின் கதையில், மெக்கிரகரின் தோட்டம் தனிச்சொத்து. உள்ளே போன பீட்டரின் அப்பாவை மெக்கிரகரின் மனைவி மாவுப் பண்டத்துக்குள் வைத்துச் சமைத்துவிட்டாள் என்பதைக் கதை தொடக்கத்திலேயே, குரல் மாறாமல், சொல்லிவிடுகிறது. லெட்டூஸும் பீன்சும் முள்ளங்கியும் தின்ற பீட்டர் உயிர் தப்பியது வேகத்தால். தோட்டம் என்றால் வேலி, வேலிக்கு உரிமையாளர், உரிமையாளர் கையில் வாருகோல். இன்றைய பசுமை நூல்களில் இத்தனை வெளிப்படையாக நிலவுரிமையைச் சொல்வது அரிது. பாட்டர் கனவுலகவாசியுமில்லை. 1905இல் ஹில் டாப் பண்ணையை வாங்கியவர், பிற்காலத்தில் ஹெர்ட்விக் ஆடு வளர்ப்பில் பெயரெடுத்தவர், இறக்கும்போது 4,000 ஏக்கருக்கு மேல் பிரிட்டனின் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றவர். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதன் பொருள் அவருக்கு நன்றாகத் தெரியும்.

1945இல் வந்த 'தி கேரட் ஸீட்' வேறு திசையில் நடக்கிறது. எழுதியவர் ரூத் கிராஸ், படம் வரைந்தவர் அவருடைய கணவர் கிராக்கெட் ஜான்சன். ஒரு பையன் ஒரு விதையை ஊன்றுகிறான். அது முளைக்காது என்று அம்மா, அப்பா, அண்ணன் எல்லாரும் சொல்கிறார்கள். அவன் களை பறித்துத் தண்ணீர் ஊற்றுகிறான். ஒருநாள் கேரட் முளைக்கிறது, அதுவும் கைவண்டியில் வைத்துத் தள்ளவேண்டிய அளவுக்கு. சிக்கனத்தில் இந்த நூலை மிஞ்சுவது கடினம். போர்க்காலத்தில் அமெரிக்க வீடுகளின் கொல்லைகளெல்லாம் 'வெற்றித் தோட்டங்கள்' ஆகியிருந்த ஆண்டுகளின் முடிவில் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பின்னால் வந்த எத்தனையோ தோட்டக் கதைகளுக்கு அச்சு இதுதான்: ஒரு பிள்ளை, ஒரு விதை, நம்பிக்கை, அதிசயம். நிலம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி எழுவதே இல்லை. விளைச்சல் தப்பியதும் இல்லை. எரிக் கார்லின் பசித்த கம்பளிப்புழு (1969) இதை இன்னொரு படி கொண்டுபோனது. சனிக்கிழமை கேக்கும் ஐஸ்கிரீமும் சலாமியும் தின்று வயிற்றுவலி வந்த புழுவுக்கு ஞாயிறன்று ஒரு பச்சை இலை மருந்தாகிறது. அத்தனை பண்டமும் யாரும் சமைக்காமல் வரிசையில் வந்து நிற்கின்றன. புழுவின் உலகில் அது சரிதான். அதைப் படித்து வளரும் பிள்ளையின் உலகில்தான் சிக்கல்.

தனி விதையின் கதைக்கு எதிர்ப்பக்கத்தில், விதையைப் பலர் கைமாற்றும் பொருளாகப் பார்க்கும் நூல்களும் வந்திருக்கின்றன. நேஹா சுமித்ரன் எழுதி அர்ச்சனா ஸ்ரீநிவாசன் வரைந்து பிரதம் புக்ஸ் வெளியிட்ட விதை சேகரிக்கும் கதையில், தூக்கா, போய் என்ற இரண்டு பிள்ளைகளும் இஞ்சி என்ற நாயும் ஒரு புளியமரத்தோடு பேசிப் பழகி, சுற்றியுள்ள செடிகளிலிருந்து விதை பொறுக்குகிறார்கள். சமையலறையிலிருந்தும் மரத்தடியிலிருந்தும் விதை வருகிறது என்று காட்டும் எளிமை இதன் பலம். ஆனால் பொறுக்கிய விதையோடு கதை நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் விதைக்கு அடுத்த அத்தியாயம் ஒன்று இருக்கிறது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவில், 'நெல்' ஜெயராமன் விவசாயிகளுக்கு மரபு நெல் 2 கிலோ கொடுப்பார். அடுத்த ஆண்டு அவர்கள் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். 2018இல் அவர் மறைந்தபோது அப்படி மீட்கப்பட்டிருந்தவை 174 வகைகள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளங்கும் கணக்கு. அதற்குள் நம்பிக்கை, கடன், மழை, நாணயம் எல்லாம் இருக்கின்றன.

3. சிரித்த முகங்கள்

உணவு நூலில் உழைப்பைக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் அமெரிக்காவில் நடந்த விவாதம் சான்று. எமிலி ஜென்கின்ஸ் எழுதி சோஃபி பிளாக்கால் வரைந்த 'எ ஃபைன் டெஸர்ட்' நூல், நாவற்பழம்போல் கறுத்த பிளாக்பெரியும் பாலேடும் சேர்த்துச் செய்யும் ஒரே இனிப்பை நான்கு நூற்றாண்டுகளில், நான்கு குடும்பங்களில் பின்தொடர்கிறது: 1710இல் இங்கிலாந்து, 1810இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன், 1910இல் பாஸ்டன், 2010இல் சான் டியேகோ. பாலேட்டைக் கடையும் கருவி மாறுகிறது, குளிரவைக்கும் முறை மாறுகிறது. அறிவியலும் வரலாறும் சமையலும் ஒன்றாகக் கலந்த அருமையான திட்டம். நியூயார்க் டைம்ஸ் அந்த ஆண்டின் சிறந்த படநூல்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தது.

சிக்கல் 1810இல் இருந்தது. அங்கே இனிப்பைச் செய்பவர்கள் ஒரு தோட்ட முதலாளியின் வீட்டில் அடிமைகளாக இருக்கும் தாயும் மகளும். பழம் பறிக்கும்போது மகளின் முகத்தில் புன்னகை. முதலாளி குடும்பத்துக்குப் பரிமாறிவிட்டு, இருவரும் அலமாரிக்குள் ஒளிந்து பாத்திரத்தை வழித்து நக்குகிறார்கள். அடிமைத்தனத்தை இனிமையாக்கிவிட்டார்கள் என்று கறுப்பின நூலகர்களும் வாசகர்களும் கண்டித்தார்கள். பிளாக்கால் தன் ஆய்வையும் நோக்கத்தையும் விளக்கினார். ஜென்கின்ஸ் மன்னிப்புக் கேட்டு, தனக்குக் கிடைத்த எழுத்துக் கூலியைச் சிறார் நூல்களில் பன்மைக்காக இயங்கும் அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்தார். அடுத்த ஜனவரியில் இன்னொன்று வெடித்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைச் சமையல்காரர் ஹெர்குலிஸ் பிறந்தநாள் கேக் செய்யும் கதையை ஸ்கொலாஸ்டிக் வெளியிட்டு, இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பெற்றது. அந்த ஹெர்குலிஸ் 1797இல் தப்பி ஓடியவர். கதைசொல்லியாக வரும் அவருடைய மகளுக்கு விடுதலை கிடைக்கவில்லை.

இந்த விவாதத்தில் இருதரப்பும் சொன்னதை எடைபோட்டால் ஒரு விசித்திரம் தெரியும். 'எ ஃபைன் டெஸர்ட்' மற்ற உணவு நூல்களைவிடக் கூடுதலாகவே உழைப்பைக் காட்டியது. 1810ஐ விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் கண்டித்திருக்க மாட்டார்கள், ஆனால் அது இன்னும் பெரிய பொய்யாக இருந்திருக்கும். நூலை ஆதரித்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள். அந்த வாதம் பாதி சரி. உழைப்பை வரைவது ஒன்று, உழைப்பவர் எந்த நிலையில் உழைக்கிறார் என்பதை வரைவது இன்னொன்று. மேலும், கண்டனம் பெரும்பாலும் 1810ஆம் ஆண்டுப் பக்கங்களிலேயே குவிந்துவிட்டது. 2010க்குத் திரும்பினால் அப்பாவும் மகனும் சமைக்கிறார்கள், பழம் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வருகிறது. முந்தைய பக்கங்களில் புதரில் கைவைத்துப் பறித்த ஆட்கள் இந்தப் பக்கத்தில் இல்லை. கலிபோர்னியாவில் பெர்ரிப் பழங்களைப் பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அடிமைத்தாயின் முகத்தையாவது நூல் வரைந்தது. சமகாலத் தொழிலாளியை அது பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டது.

அந்தத் தொழிலாளிகளை வரைந்த நூல்கள் இல்லாமலில்லை. ஷெர்லி ஆன் வில்லியம்ஸின் 'வர்க்கிங் காட்டன்' (1992) விடியலிலிருந்து இருட்டும்வரை பருத்திக்காட்டில் இருக்கும் ஒரு சிறுமியின் குரலில் ஓடுகிறது. கேத்லீன் கிரல் எழுதி யூயி மொராலெஸ் வரைந்த 'ஹார்வெஸ்டிங் ஹோப்' (2003), திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் 1966இல் சேசர் சாவேஸின் தலைமையில் டெலானோவிலிருந்து சாக்ரமென்டோவுக்கு 300 மைலுக்கு மேல் நடந்ததைச் சொல்கிறது. இவை வரலாறு, வாழ்க்கைச் சரிதம் என்ற வரிசைகளில் போய் உட்காருகின்றன. நல்ல சாப்பாட்டைப் பற்றிய பரிந்துரைப் பட்டியல்களில் இவற்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

4. காலி மனை

பால் ஃபிளைஷ்மனின் 'ஸீட்ஃபோக்ஸ்' (1997) சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கான சிறு நாவல். ஓஹையோவின் கிளீவ்லாந்து நகரத்தில் குப்பை கொட்டும் காலி மனை ஒன்று தோட்டமாக மாறுவதைப் பதின்மூன்று பேர் ஆளுக்கொரு அத்தியாயமாகச் சொல்கிறார்கள். தொடங்குவது கிம் என்ற ஒன்பது வயது வியட்நாமியச் சிறுமி. தான் பிறக்குமுன்பே இறந்துபோன விவசாயி அப்பாவின் கண்ணில் படவேண்டும் என்று மொச்சை போன்ற பயற்றை ஊன்றுகிறாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த ருமேனியக் கிழவி அது போதைப்பொருளோ துப்பாக்கியோ என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்க்கிறாள். இதுவரை 'கேரட் ஸீட்'டின் பேரக் கதை.

பிறகுதான் ஃபிளைஷ்மன் அச்சை உடைக்கிறார். குப்பையை யார் அள்ளுவது? நகராட்சிக்குத் தொலைபேசியில் மன்றாடி அலுத்த லியோனா, அந்த நாற்றக் குப்பையில் ஒரு பையை நிரப்பிச் சுகாதார அலுவலகத்துக்கே தூக்கிக்கொண்டு போகிறாள். காத்திருப்போர் கூடத்தில் நாற்றம் பரவியதும் வேலை நடக்கிறது. தண்ணீருக்கு வழி? சுற்றுக் கட்டடங்களின் கூரை நீரைப் பீப்பாய்களில் பிடிக்கலாம் என்று ஒரு சிறுமி யோசனை சொல்கிறாள். வந்தவர்கள் தங்கள் இனத்தாரோடு இனத்தாராகப் பாத்தி பிரித்துக்கொள்கிறார்கள். வேலிகள் முளைக்கின்றன. ஹைட்டியிலிருந்து வந்த டாக்ஸி ஓட்டுநர் ஒருவர், உறவினர்களுக்கும் சேர்த்து என்று பொய் சொல்லிப் பெரிய இடத்தைப் பிடித்து, உணவகங்களுக்கு விற்க லெட்டூஸ் போடுகிறார். வெயிலில் அது கருகிப்போகிறது. இந்த அத்தியாயத்துக்காகவே நூலைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். பணம் பண்ண ஆசைப்படும் விவசாயியை அது வில்லனாக்கவில்லை. அவருடைய மகனின் வாயால், பரிதாபமும் சிரிப்புமாகச் சொல்கிறது. தில்லியிலிருந்து வந்த அமீரின் பாத்தியில் காய்த்த கத்திரிக்காயைப் பார்க்க ஊரே வந்து நின்று பேச்சுக் கொடுப்பதும் இதே நூலில்தான்.

நூலிலுள்ள தோட்டம் கற்பனை. நிஜத் தோட்டத்தைப் படநூலாக்கும்போது வேறொரு தொல்லை வருகிறது. கூடைப்பந்து வீரராக இருந்து விவசாயியான வில் ஆலன், மில்வாக்கி நகரத்தில் 1993இல் பழைய கண்ணாடிப் பசுமைக்குடில்களை வாங்கி, மண்புழு உரமும் மீன் வளர்ப்பும் சேர்த்து நகரப் பண்ணை நடத்தினார். 2008இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றார். ஜாக்குலின் பிரிக்ஸ் மார்ட்டின் அவரைப் பற்றி எழுதிய படநூல் 2013இல் வெளிவந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2017இல், கடன் சுமையால் அவருடைய 'குரோயிங் பவர்' அமைப்பு மூடப்பட்டது. நூலின் மேல் இதில் குற்றமில்லை. ஆனால் வெற்றியின் உச்சத்தில் நிற்பவரை மட்டுமே தேடிப் படம் வரையும் வழக்கத்தை இது சற்று உறுத்தவேண்டும். பண்ணை ஏன் மூடுகிறது என்பது விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புதிய விஷயமல்ல. அவர்களுக்காக அதை எழுதுபவர்தான் அரிது.

5. சந்தைக்குப் போன பிள்ளைகள்

சந்தை நூல்கள் தோட்ட நூல்களைவிடக் கலகலப்பானவை. நைஜீரியாவில் பிறந்த அட்டினூக்கே எழுதி ஏஞ்சலா புரூக்ஸ்பேங்க் வரைந்த 'பேபி கோஸ் டு மார்க்கெட்' (2017) அவற்றில் முதல் வரிசையில் நிற்கும். அம்மாவின் முதுகில் கட்டப்பட்ட குழந்தைக்கு வாழைப்பழக்காரி ஆறு பழம் கொடுக்கிறாள். குழந்தை ஒன்றைத் தின்றுவிட்டு ஐந்தைக் கூடையில் போடுகிறது. அடுத்து ஆரஞ்சு ஐந்து, அப்புறம் பலகாரம் நான்கு என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது. தலையில் கூடை சுமக்கும் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையை வறுமைக்கோ வேடிக்கைக்கோ உரிய இடமாகக் காட்டாமல், எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த இடமாகக் காட்டுவது பெரிய சாதனை. குழந்தைக்கு எதற்கும் விலை இல்லை. அது பொய்யும் இல்லை. மதுரையில் காய் வாங்குபவரின் பைக்குள் கறிவேப்பிலை கொசுறாக விழுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

தாரா வெளியிட்ட 'டு மார்க்கெட்! டு மார்க்கெட்!' (2007) கையில் காசோடு போகும் சிறுமியைப் பற்றியது. அனுஷ்கா ரவிசங்கரின் துள்ளும் வரிகளுக்கு இமானுவேலே ஸ்கன்சியானி வண்ணம் தீட்டியிருக்கிறார். கடைக்குக் கடை ஏதேதோ கற்பனை செய்து விளையாடிய சிறுமி கடைசியில் எதையும் வாங்காமல் திரும்புகிறாள். நுகர்வின் மீது எழுதப்பட்ட மிக மென்மையான கிண்டல் இது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அவள் விளையாடிவிட்டுப் போன கடைக்காரருக்கு அன்று போணி ஆனதா? சின்னப் பிள்ளைகளுக்கான நூலில் இதைக் கேட்பது அராஜகம் என்று ஒருவர் சொல்லலாம். இரண்டு நூல்களும் விலைப்பட்டியல் போடவேண்டியதில்லைதான். ஒரு வகை முழுவதிலும் விலை என்ற ஒன்று தலைகாட்டாமல் போவதுதான் கவனிக்கத்தக்கது. சந்தையில் வளரும் பிள்ளைக்குப் பேரம் பேசத் தெரியும், தராசின் முள்ளைப் பார்க்கத் தெரியும், மாலையில் தக்காளி விலை இறங்கும் என்றும் தெரியும். சந்தை நூலைப் படிக்கும் பிள்ளையைவிட அந்தப் பிள்ளைக்குச் சந்தையைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்குத் தோதான இடமும் உண்டு. முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. குழந்தைகள் தினத்தில் என்பது தற்செயலாக இருக்கலாம். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்பது, அடையாள அட்டை இருப்பவருக்கே கடை, அன்றன்றைய விலையைக் காலையில் பலகையில் எழுதிவைப்பது என்பவை அதன் விதிகள். விலை மொத்தச் சந்தைக்கு மேலும் சில்லறைக் கடைக்குக் கீழும் இருக்கவேண்டும் என்பது நோக்கம். அந்தப் பலகையை மட்டும் வைத்து, ஒரு விடியற்காலை பேருந்தில் கீரைக்கட்டோடு ஏறும் ஒருவரிலிருந்து தொடங்கினால், எண்ணும் எழுத்தும் பொருளாதாரமும் ஒரே நூலில் வந்துவிடும்.

6. மண்வெட்டி யார் கையில்

இதுவரை சொன்னவை நூல்களில் விடுபட்டதைப் பற்றியவை. உழைப்பைச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பது தனிக் கேள்வி. தமிழ் வாசகர்களுக்கு அது வெறும் கோட்பாட்டுக் கேள்வியும் அல்ல.

தெத்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ-சான்' 1981இல் ஜப்பானில் வெளியாகி, நேஷனல் புக் டிரஸ்ட் வழியே தமிழுக்கு வந்து, ஆசிரியர்களிடையே கைக்குக் கை மாறிய நூல். அதில் உணவுக்கு இரண்டு முக்கிய இடங்கள் உண்டு. டோமோயே பள்ளியின் தலைமை ஆசிரியர் கொபாயாஷி, மதிய உணவுப் பெட்டியில் கடலிலிருந்து ஏதாவது ஒன்றும் நிலத்திலிருந்து ஏதாவது ஒன்றும் இருக்கட்டும் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறார். ஏழை வீட்டுக் கருவாட்டுத் துணுக்கும் பணக்கார வீட்டுப் பண்டமும் அந்த விதிக்குள் சமம். இன்னொரு நாள் பக்கத்து வயலின் விவசாயியை அழைத்துவந்து பிள்ளைகள் முன் நிறுத்தி, இன்றைக்கு இவர்தான் உங்கள் ஆசிரியர் என்கிறார். தான் வாத்தியார் இல்லை என்று அவர் கூச்சப்பட, விவசாயம் சொல்லிக்கொடுப்பவர் விவசாய ஆசிரியர்தானே என்று கொபாயாஷி பதில் சொல்கிறார். களை பறிப்பதும் விதைப்பதும் பாடமாகின்றன. டோமோயே 1937இல் தொடங்கி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோன பள்ளி. இந்தப் பக்கங்களைப் படித்து நெகிழாத தமிழ் ஆசிரியர் குறைவு.

அதே தமிழ்நாட்டில்தான் 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. ஆசிரியர் பற்றாக்குறை, பணப் பற்றாக்குறை, இரு நேரப் பள்ளியால் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கும் வசதி என்று அரசு காரணங்கள் சொன்னது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கமும் போராடினார்கள். காமராஜர் முதல்வரானபின் 1954இல் அது கைவிடப்பட்டது. உழவர் வீட்டுப் பிள்ளையை ஏர் பிடிக்கவும் சலவைத் தொழிலாளியின் பிள்ளையைத் துறைக்கும் திருப்பி அனுப்பும் திட்டம் என்று எதிர்த்தவர்கள் சொன்னதில் வரலாற்றின் பலம் இருந்தது. டோமோயேயின் பிள்ளைகள் டோக்கியோ நடுத்தர வீட்டவர்கள். அவர்களுக்கு மண்வெட்டி புதிய அனுபவம். இங்கே எதிர்க்கப்பட்டது, மண்வெட்டியைத் தவிர வேறெதையும் பார்க்கவிடாத ஏற்பாடு.

இதே மோதல் கலிபோர்னியாவிலும் நடந்தது. சமையல் கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் 1995இல் பெர்க்லியின் மார்ட்டின் லூதர் கிங் நடுநிலைப் பள்ளியில் 'உண்ணத்தக்க பள்ளி முற்றம்' திட்டத்தைத் தொடங்கினார். வில் ஆலனைப் பற்றி எழுதிய அதே பிரிக்ஸ் மார்ட்டின் 2014இல் வாட்டர்ஸைப் பற்றியும் ஒரு படநூல் எழுதினார். ஆனால் 2010இலேயே 'தி அட்லாண்டிக்' இதழில் கெய்ட்லின் ஃபிளானகன் கடுமையாகத் தாக்கியிருந்தார். வயல் கூலியிலிருந்து தன் பிள்ளை தப்பட்டும் என்று எல்லை தாண்டிவந்த பெற்றோரின் மகனைப் பள்ளி மறுபடி லெட்டூஸ் பறிக்கவைக்கிறது, படிப்புக்கான நேரம் போகிறது என்றார். தோட்டத்தின் வழியே அறிவியலும் கணக்கும் கற்கலாம் என்று ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள். கற்கலாம்தான். ஃபிளானகன் தோட்டத்தை ஒட்டுமொத்தமாகப் புறந்தள்ளியது மிகை. ஆனால் அவர் தொட்ட நரம்பு நிஜமானது. பெரும்பாலான தோட்ட நூல்கள் மண்ணைத் தொட்டே பார்க்காத நகரப் பிள்ளையை வாசகராக வைத்துக்கொண்டு பேசுகின்றன. மண்ணிலிருந்து வெளியேறத் துடிக்கும் வீட்டுப் பிள்ளை அதே நூலைத் திறந்தால் அதில் தன் அப்பா எங்கே என்று தேடும்.

7. சாலையோரக் கீரை

அந்தப் பிள்ளைக்காக எழுதப்பட்டதோ என்று தோன்றவைக்கும் நூல் ஒன்று 2021இல் வந்தது. ஆண்ட்ரியா வாங் எழுதி ஜேசன் சின் வரைந்த 'வாட்டர்கிரெஸ்'. ஓஹையோவின் சோளக்காட்டு வழியே பழைய காரில் போகும் சீனக் குடியேறிக் குடும்பம். சாலையோரப் பள்ளத்தில் தண்ணீர்க் கீரை முளைத்திருப்பதைக் கண்டதும் அம்மாவும் அப்பாவும் காரை நிறுத்துகிறார்கள். பிள்ளைகளும் சேற்றில் இறங்கிப் பறிக்கவேண்டும். கடந்துபோகும் காரில் பள்ளித் தோழர்கள் இருந்துவிடக் கூடாதே என்று மகள் முகத்தை மறைக்கிறாள். அவளுடைய உடுப்பு பழையது, வீட்டுச் சாமான் யாரோ தூக்கிப் போட்டது, இப்போது சாப்பாடும் பள்ளத்திலிருந்து. இரவு மேசையில் கீரையைத் தொட மறுக்கிறாள். அப்போது அம்மா தன் சிறுவயதுக் குடும்பப் படத்தை எடுத்துவந்து, சீனப் பெரும் பஞ்சத்தில் போன தம்பியைப் பற்றி முதன்முறையாகச் சொல்கிறாள்.

இந்த நூலில் எல்லாம் இருக்கிறது: காசில்லாமல் கிடைத்த உணவு, பருவம், உள்ளூர், மண். எதுவும் நற்பண்பாகப் போதிக்கப்படவில்லை. பறிப்பது வேலையாகவே இருக்கிறது, குளிரும் சேறுமாக. வெட்கம் வெட்கமாகவே இருக்கிறது. இலவசக் கீரையைப் பெருமையாகத் தின்பதற்கு எவ்வளவு பாதுகாப்பான வாழ்க்கை வேண்டும் என்பதைப் பெரியவர்களுக்கான உணவுக் கட்டுரைகள்கூட இத்தனை துல்லியமாகச் சொன்னதில்லை. ஒரு பக்கத்தில் ஓஹையோவின் சோளத்தட்டைகள் எதிர்ப்பக்கத்தில் சீனத்து மூங்கிலாக மாறும்படி சின் வரைந்திருப்பது, இரண்டு நிலங்களையும் ஒரே பசியால் இணைக்கிறது.

'வாட்டர்கிரெஸ்' 2022இல் அமெரிக்கச் சிறார் நூல் விருதுகளான கால்டிகாட் பதக்கம் வாங்கியது, நியூபெரியில் சிறப்புக் குறிப்பும் பெற்றது. மதிப்புரைகள் அதைக் குடியேற்றம், குடும்ப நினைவு, தாய்-மகள் உறவு என்ற தலைப்புகளில் கொண்டாடின. உணவுக் கல்விக்கான நூலாக அதைக் கையில் எடுத்தவர்கள் குறைவு. பருத்திக்காட்டுச் சிறுமியும் திராட்சைத் தோட்டத்து நடைப்பயணமும் எந்த வரிசையில் போய் உட்கார்ந்தனவோ, இந்தக் கீரையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. பள்ளி நூலகத்துக்குப் பட்டியல் போடும் ஆசிரியர், 'உணவும் தோட்டமும்' என்ற தலைப்பின் கீழ் இந்த மூன்றையும் எழுதிச் சேர்த்தால், அதே தட்டிலுள்ள மற்ற நூல்களைப் பிள்ளைகள் வேறு மாதிரி படிப்பார்கள்.